போலாரத்துக் கோயிலும் தோர்ணக்கல் கோயிலும்

எங்கள் வீட்டில் போலாரம் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு ‘ராணி வந்த கோயில்’ என்றுதான் பெயர். 1983 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. காமன்வெல்த் மாநாட்டுக்காக இந்தியா வந்திருந்த இரண்டாம் எலிசபெத், தம் முப்பத்தாறாவது திருமண நாளன்று கணவர் பிலிப்புடன் இங்கே வந்து ஆராதனையில் உட்கார்ந்தார். சிகந்தராபாத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த நாளைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. பாதிப் பேர் ராணியைப் பார்த்தவர்கள்; மீதிப் பேர் ராணியைப் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள். 2022 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோதும் இதே கதைகள்தான் மறுபடி கிளம்பின.

தோர்ணக்கல் பேராலயத்துக்கு ராணிக் கதை கிடையாது. சிகந்தராபாத்தில் ரயிலேறி, காஜிபேட், வாரங்கல் தாண்டி விஜயவாடா போகிற பாதையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் வருகிற ஜங்ஷன் அது. பத்ராசலம் ரோடு பக்கம் நிலக்கரிப் பாதை அங்கேதான் பிரிகிறது. பெரும்பாலோர் அந்த ஊரைத் தூக்கத்தில் கடந்துவிடுவார்கள். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயர், அதிலும் ஒரு திருநெல்வேலித் தமிழரான அசரியா, அந்த ஊரில் உட்கார்ந்துதான் மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் ஒரு திருமண்டலத்தை நடத்தினார் என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த இரண்டு கோயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. இரண்டும் நிஜாம் சீமையில் எழுந்தவை. இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையின் பிள்ளைகள். இரண்டையும் கட்டியவர்கள் அந்த மண்ணுக்கு அந்நியர்கள். இந்த மூன்றாவது பொருத்தத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அசரியா இந்தியர், ஆகவே தோர்ணக்கல் சுதேசி. போலாரம் வெள்ளைக்காரன் கோயில், ஆகவே விதேசி என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிலிருந்து வந்த அசரியாவுக்குத் தெலுங்கு என்ன தாய்மொழியா? முப்பத்தைந்து வயதில் அகரமுதல் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்நியனாக வந்து எப்படி அந்நியனாகவே இருந்துவிட முடிந்தது, எப்படி ஓரளவு உள்ளே போக முடிந்தது என்பதில்தான் இரண்டு கோயில்களின் கதையும் பிரிகிறது.

முதலில் போலாரம். 1798 உடன்படிக்கைப்படி நிஜாமின் செலவில் கம்பெனிப் படை ஹைதராபாத்துக்கு அருகே வந்து தங்கியது. அந்த இடம் 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிகந்தராபாத் ஆனது. அதற்கு வடக்கே, காற்று நன்றாக வீசும் மேட்டு நிலமான போலாரத்தில், நிஜாமின் பணத்தில் வெள்ளை அதிகாரிகளின் கீழ் இயங்கிய ஹைதராபாத் கன்டின்ஜென்ட் என்ற இன்னொரு படை முகாமிட்டிருந்தது. ரெசிடென்ட் துரைக்கும் அங்கே ஒரு மாளிகை உண்டு. இன்று அது ராஷ்டிரபதி நிலையம், குடியரசுத் தலைவர்கள் குளிர்காலத்தில் வந்து தங்குகிற இடம்.

அந்த முகாமுக்காக 1847-இல் எழுந்தது பரிசுத்த திரித்துவ ஆலயம். நிலம் நிஜாம் கொடுத்தது, பணம் விக்டோரியா மகாராணி தம் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கூர்முனை வளைவுகள், வண்ணக் கண்ணாடி, ஒரு ஆங்கிலக் கிராமத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து தக்காணத்துப் பாறைகளுக்கு நடுவே வைத்த மாதிரி ஒரு கட்டடம். அழகானது, சந்தேகமில்லை. வீட்டை நினைத்து ஏங்கும் ஒரு சிப்பாய்க்கு ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஊர்போய் வந்த உணர்வைத் தரவேண்டும் என்பது அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

பட்டாளத்துக் கோயிலின் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் இயல்பு புரியும். அங்கிருந்த குருவானவர் சாப்ளின். கம்பெனி அரசின் சம்பளக்காரர். திருச்சபைத் துறை என்று அரசுக்கு ஒரு துறையே இருந்தது, அதன் செலவு இந்திய வருவாயிலிருந்து போனது. மற்ற அதிகாரிகளைப் போலவே அவருக்கும் மாற்றல் உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வூதியம் உண்டு. அவருடைய மந்தை வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும். ஊராருக்குச் சொல்வது அவர் வேலை அல்ல. இந்தியச் சிப்பாய்களிடம் மதம் பேசுவதைக் கம்பெனியே விரும்பவில்லை. பட்டாளத்தில் கலகம் வரும் என்ற பயம். ஆகவே போலாரம் கோயில் வெளியே போகவில்லையே என்று குறைசொல்வது, தபால்காரர் சமைக்கவில்லையே என்று குறைசொல்வதைப் போன்றது. அதற்காக அவரை வைத்திருக்கவில்லை.

ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே ஆள் இல்லாமலா இருந்தார்கள்? மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் இருந்தார்கள். சமையல்காரர், பட்லர், ஆயா, வண்ணார், பேண்டு வாசிப்பவர், குதிரைக்காரர். திருமலகிரியிலும் லால் பஜாரிலும் போலாரத்திலும் இன்றைக்கும் தமிழ் கேட்பதற்கு அவர்கள்தான் காரணம். உருதுவும் தெலுங்கும் கலந்த தமிழ். ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று சொல்லும் தமிழ். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. துரை ஜெபப் புத்தகத்தைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டியோடு வெளியே காத்திருந்தவரும் அதே தேவனைத் தமிழில் கும்பிடுபவராகவே இருந்திருக்கலாம்.

இனி 1855-க்கு வருகிறேன். கோயிலுக்கு எட்டு வயது. பிரிகேடியர் காலின் மெக்கன்சி போலாரத்தில் படைத்தலைவர். சாதாரண ஆள் அல்ல. 1842-இல் காபூலில் அக்பர் கானிடம் பிணைக்கைதியாக இருந்து உயிரோடு மீண்டவர். வீரர், நேர்மையாளர், ஓய்வுநாளைக் கறாராக அனுசரிக்கும் பக்திமான். அந்த வருஷம் முஹர்ரம் செப்டம்பரில் வந்தது. விழாவின் உச்ச நாட்கள் ஞாயிற்றுக்கிழமையோடு போய் முட்டின. ஞாயிறன்று ஊர்வலமும் மேளமும் கூடாது என்று உத்தரவு போட்டார் மெக்கன்சி. படையில் முஸ்லிம் குதிரைவீரர்கள் நிறைய. முஹர்ரம் என்பது அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் துக்கம். முணுமுணுப்பு கிளம்பியதும் உத்தரவு கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் காயம் ஆறவில்லை. செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை, ஊர்வலம் ஒன்று அவர் வீட்டை ஒட்டிய சாலையில் கொட்டு முழக்கோடு போனது. ஆள் அனுப்பிப் பார்த்தார், கேட்கவில்லை. தாமே இறங்கிப் போய்க் கொடிகளைப் பிடுங்கினார்.

அந்தக் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். கர்பலாவை நினைத்து ஏந்திவந்த கொடி ஒரு கை மாறுகிறது. பிடுங்கியவருக்கு அது ஒழுங்கு மீறலின் அடையாளம்; இழந்தவருக்கு அது ஹுசைனின் கொடி. சற்று நேரத்தில் மூன்றாம் குதிரைப்படையைச் சேர்ந்தவர்கள் வாளோடு திரும்பி வந்தார்கள். மெக்கன்சியின் தலையிலும் கையிலும் பல வெட்டுகள் விழுந்தன. பிழைத்ததே பெரிது. கல்கத்தாவிலிருந்த அரசு விசாரித்துக் குற்றவாளிகளைத் தண்டித்தது. கூடவே, பிரிகேடியர் நடந்துகொண்ட விதத்திலும் நிதானக் குறைவு இருந்தது என்று எழுதிவைத்தது. அவர் மனைவி ஹெலன் மெக்கன்சிக்கு அந்தத் தீர்ப்பு கடைசிவரை ஆறாத குறை.

மெக்கன்சி குருவானவர் அல்ல, போலாரம் கோயிலின் நிர்வாகியும் அல்ல. நியாயமாக அதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பட்டாளக் கிறிஸ்தவத்தின் தலைமை எப்படி யோசித்தது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தன் ஓய்வுநாள் தனக்குப் புனிதம். அதில் தவறில்லை. அந்தப் புனிதத்தை உத்தரவாக்கி, அடுத்தவர் துக்கத்தின் மேல் போட்டது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். அவருக்குத் தைரியம் குறைவில்லை, விசுவாசமும் குறைவில்லை. எதிரே வருகிறவர்களில் ஒருவராவது அவருக்குச் சிநேகிதராக இருந்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சிநேகிதம் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 1910-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஒரு இளம் தமிழர் எழுந்து அதையேதான் கேட்டார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெளிநாட்டு மிஷனரிகள் எங்களுக்காகப் பாடுபடுகிறார்கள், உயிரைக்கூடக் கொடுக்கிறார்கள், ஆனால் எங்களைச் சிநேகிதர்களாக நினைப்பதில்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்ற பொருள்படப் பேசினார். கேட்டவர்களில் பலருக்கு முகம் சிவந்தது. மெக்கன்சியின் குடும்பமும் ஸ்காட்லாந்து வழிவந்ததுதான் என்பது தற்செயல்; ஆனாலும் எனக்கு அது பிடித்த தற்செயல்.

அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியே வந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியே மிஷனரி அனுப்புவதைப் பார்த்ததும் அவருக்கு உறைத்தது. நூறு வருஷமாக வாங்கிக்கொண்டே இருந்த திருநெல்வேலிச் சபை யாருக்கு என்ன கொடுத்தது? மறு வருஷம், 1903 பிப்ரவரி 12, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில், கே.டி. பாலும் மற்றவர்களும் சேர, தேசிய மிஷனரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம்தான் தோர்ணக்கல். பனங்காட்டு ஊர்களில் கைப்பிடி அரிசியும் தேங்காயும் முதல் விளைச்சலும் காணிக்கையாக வைத்துப் பழகிய சபைகள், பெயர்கூட உச்சரிக்க வராத ஒரு தெலுங்கு ஊருக்கு ஆள் அனுப்பின. 1909-இல் குருப்பட்டம் பெற்று அசரியாவே அங்கே போனார். சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவரைப் பேராயராக்க முனைந்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது. இந்தியன் ஒருவன் வெள்ளையரை மேய்ப்பதா என்றது ஒரு பக்கம். மறுபக்கம் நம் ஊர்ச் சாதிப் பேச்சு; நாடார் பிள்ளைக்கு இந்த நாற்காலியா என்றார்கள், கிறிஸ்தவர்களே. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுல் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தது.

இனி எடுத்து ஒப்பிடுவது சுலபம். போலாரத்தில் தலைவர் மாற்றலில் வந்து மாற்றலில் போனார். தோர்ணக்கல்லில் 1909-இல் வந்தவர் 1945 ஜனவரி 1 அன்று அங்கேயே கண்மூடினார். போலாரத்தில் ஊழியத்துக்கான பணம் அரசாங்கத்தினுடையது. தோர்ணக்கல்லில் ஆரம்பப் பணமாவது பனையேறிகளுடையது. போலாரம் வந்தவர்களைக் காத்தது. தோர்ணக்கல் வராதவர்களிடம் போனது. இப்படியே ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

அசரியா தெலுங்கு நாட்டில் ஒரு காரியம் செய்தார். நற்செய்தி சொல்லும் வேலையைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் கைமாற்றி விட்டார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்து, இதைப் பிறருக்குச் சொல்லாமலிருந்தால் தமக்குக் கேடு என்று வாயால் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை உண்டாக்கினார். யோசித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட சாதியார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பண்ணையில் கூலி வேலை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் சொல்வதைக் கேட்டு மட்டுமே பழகிய ஒரு மனிதர், உனக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று முதல் தடவையாகக் கேட்கிறார். பிறர் கை தன் தலையில் படுவதை அடியாகவே அறிந்தவர், தன் கையைத் தானே தன் தலைமேல் வைக்கிறார். தலைமைப் பயிற்சி என்று இன்று ஹோட்டல் அரங்கங்களில் நடப்பவை எனக்கு நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்தச் செய்கையும் நினைவுக்கு வருகிறது.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1912-இல் சுமார் 56,000 ஆக இருந்த திருமண்டலத்துக் கிறிஸ்தவர்கள் 1941-இல் சுமார் 2,25,000 ஆனார்கள். இடையில் திருமண்டலத்தின் எல்லையும் விரிந்தது. ஆகவே முழுவதையும் மனமாற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது. எண்ணைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது வேறு ஒன்று. 1930-களில் சேரி ஜனங்களைப் பார்த்து, அவர்களுக்கு மேல் படியில் இருந்த சாதியாரும் வரத் தொடங்கினார்கள். நேற்றுவரை குடித்துக் கிடந்தவன் இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறானே, என்ன விஷயம் என்ற கேள்விதான் காரணம். வாஸ்கம் பிக்கெட் என்ற மெதடிஸ்ட் அறிஞர் 1933-இல் வெளியிட்ட வெகுஜன இயக்கங்கள் பற்றிய ஆய்விலும் இந்த விதமான மாற்றம் பேசப்படுகிறது. மேலிருந்து கீழே சொட்டும் என்று காத்திருந்த மிஷனரிகள் நூறு வருஷம் காத்திருந்தார்கள். இங்கே கீழிருந்து மேலே ஏறியது.

பண்டிகை விஷயத்தில்தான் மெக்கன்சிக்கும் அசரியாவுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். ஒருவர் ஊர்வலக் கொடியைப் பிடுங்கினார். மற்றவர் தெலுங்குக் கீர்த்தனைகளையும் கோலாட்டத்தையும் நாடகத்தையும் ஆலயத்துக்குள் அழைத்தார். அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்கள் நெல்லும் கோழியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் அசனம் என்போமே, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவது, அதன் ருசி தெரிந்தவர் அவர். மாலர் மாதிகர் இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது அங்கே எவ்வளவு கஷ்டம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டடத்திலும் அதே பிடிவாதம். 1914-இல் தொடங்கிய பேராலயம் 1939-இல்தான் முடிந்தது. பணம் வரும்போது வேலை நடக்கும், வராதபோது நிற்கும். முடிந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது கோபுரமும் இல்லை, கூர்முனை வளைவும் இல்லை. மசூதியின் குவிமாடமும் ஸ்தூபியும் மேலே. தென்னாட்டுக் கோயில் மண்டபத்துத் தூண்கள் உள்ளே. தூண்களில் தாமரையும் வாழைப்பூவும். பன்னிரண்டு தூண்கள், பன்னிரண்டு அப்போஸ்தலர். நிஜாம் சீமையில் முஸ்லிம் அரசரும் இந்துக் குடிகளும் கிறிஸ்தவச் சேரியும் கலந்து வாழ்வதை ஒரு கொத்தனாரிடம் சொல்லிக் கட்டச் சொன்னால் இப்படித்தான் வரும்.

இங்கே மெதக் பேராலயத்தைச் சொல்லாமல் தாண்டினால் யாராவது கேட்பார்கள். வெஸ்லியன் மிஷனின் சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் 1895-இல் சிகந்தராபாத் பட்டாளத்துக்கு ஊழியம் செய்யத்தான் வந்தார். போலாரத்து வட்டாரத்தின் அதே வெள்ளைச் சிப்பாய்கள். அதில் மனம் நிலைக்காமல் மறு வருஷம் மெதக் போனவர், நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். அவர் எழுப்பிய பேராலயமும் 1914-இல் தொடங்கியது. பத்தே வருஷத்தில், 1924 கிறிஸ்துமஸில், 175 அடி மணிக்கோபுரத்தோடு முடிந்தது. பஞ்ச காலத்தில் வேலைக்குச் சோறு போட்ட கட்டடம் என்று ஜனங்கள் இன்றும் கைகூப்புகிறார்கள். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். கட்டட பாணி முழுக்க கோதிக். ஆக, கல்லில் என்ன பாணி என்பதை வைத்து ஜனங்களோடு உள்ள உறவை அளக்க முடியாது என்பதற்கு மெதக் ஒரு சாட்சி. என் ஒப்பீட்டுக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் பட்டாளத்தை விட்டு வெளியே வந்தால்தான் காரியம் நடந்தது என்ற அளவில் பாஸ்நெட்டும் அசரியா பக்கம்தான் நிற்கிறார்.

அசரியாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்கு நான் இதை எழுதவில்லை. தோர்ணக்கல்லிலும் ஓட்டைகள் உண்டு. திருமண்டலம் பெருகப் பெருக வெளிநாட்டு நிதி இல்லாமல் நடத்த முடியாமல் போனது; இந்தியப் பணம் என்ற கொள்கை நெல்லையில் தொடங்கி லண்டனில் போய்ச் சாய்ந்தது. ஜெபப் புத்தகத்து ஆங்கிலிகன் ஒழுங்கின் மேல் அவருக்கு இருந்த பற்றைப் பார்த்தால், அவரை முழுச் சுதேசி ஆக்குகிற நம் ஆர்வம் கொஞ்சம் அடங்கும். காந்தியோடு மதமாற்றம் பற்றிக் கடுமையாக மோதினார். அதில் இருவருமே முழுக்கச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும்விடக் கூர்மையானது அவர் இறந்த பிறகு நடந்தது. அவருடைய நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ஓர் ஆங்கிலேயர், அவருக்கு உதவிப் பேராயராக இருந்த ஏ.பி. எலியட். நல்லவர்தான். ஆனால் சாதாரண ஜனங்களின் தலையில் அவர்கள் கையையே வைக்கச் சொன்னவர், தமக்குப் பின் பேராயராக ஒரு தெலுங்கரை ஏன் ஆயத்தமாக்கி வைக்கவில்லை? திறமையுள்ள தலைவர்களுக்கு இந்த வியாதி பொதுவாகவே உண்டு, அசரியாவுக்கும் இருந்தது.

அம்பேத்கர் 1935-இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபோது கிறிஸ்தவத் தலைவர்களும் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்தவம் ஆனால் எங்கள் ஜனங்கள் ஒரே சபையாக இருக்க முடியுமா, அல்லது நீங்கள் பிரிந்து கிடக்கிற மாதிரி நாங்களும் பிரிந்து கிடக்க வேண்டுமா என்ற வகையில் அவர் அசரியாவிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், லுத்தரன் என்று ஒரே தாலுகாவில் நாலு கொடி பறந்த காலம். அசரியாவிடம் பதில் இல்லை. 1919-இலேயே தரங்கம்பாடியில் கூடித் திருச்சபை ஐக்கியத்துக்கு அறிக்கை எழுதியவர்களில் அவர் ஒருவர். அந்தக் கேள்வி அவரை இன்னும் அவசரப்படுத்தியது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை, இரண்டே முக்கால் வருஷம் முந்திப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் இரண்டு கோயில்களும் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. போலாரம் பரிசுத்த திரித்துவ ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மெதக் திருமண்டலத்தைச் சேர்ந்தது. விக்டோரியா கட்டிக்கொடுத்த கோயில், அசரியா கனவு கண்ட திருச்சபைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 1983-இல் எலிசபெத் மகாராணி வந்து உட்கார்ந்தது அரசின் கோயிலில் அல்ல; இந்தியர் நடத்தும் ஒரு சபையில் விருந்தாளியாக.

காலம் இன்னொரு வேடிக்கையும் செய்திருக்கிறது. போலாரத்தில் ஆங்கில ஆராதனை பட்டாளத்தின் பழக்கமாகத் தொடங்கியது. ஊராரை வெளியே நிறுத்திய சுவர் அது. இன்றைய போலாரத்தைப் பாருங்கள்: ராணுவக் குடியிருப்புகள், நகரம் வடக்கே மேட்சல் வரை நீண்டதில் வந்த புது அடுக்குமாடிகள், எம்.எம்.டி.எஸ். ரயில். இங்கே குடியிருப்பவர் மலையாளி, தமிழர், நாகா, தெலுங்கர், கோவாக்காரர் யாராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக்கூடிய மொழி ஆங்கிலம்தான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து நின்றபோது, எனக்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி பேரனிடம் ‘ஏண்டா, செருப்பை மறந்தியா, ஜல்தி போட்டுக்கோ’ என்றார். பேரன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். ஆசீர்வாதத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் தலைகுனிந்திருந்தார்கள். வெளியே தள்ளிய மொழியே உள்ளே கூட்டிக்கொள்கிற மொழியாக மாறியிருக்கிறது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை.

தோர்ணக்கல் வட்டாரத்தில் கதை நேர்மாறாகத் திரும்பியிருக்கிறது. அசரியா கட்டியெழுப்பிய சேரிச் சபைகளின் பேரப்பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்கு ஹைதராபாத் வந்தார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்கு எஸ்.சி. அந்தஸ்து இல்லை. தெலங்கானாவில் அவர்களுக்கு பி.சி.-சி என்று தனிப் பிரிவு, ஒரு சதவீத ஒதுக்கீடு. ஆகவே சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. தலையில் கைவைத்து ஊரறியச் சொன்ன தாத்தாவின் பேரன் விண்ணப்பப் படிவத்தில் மதத்தை எழுதத் தயங்குகிறான். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்தச் சபையும் அவனுக்காக இன்னும் நியாயமான வழியைக் கண்டுபிடித்துத் தரவில்லை.

நகரத்தில் இப்போது வேறு மாதிரிச் சபைகள் எழும்பியிருக்கின்றன. 1950-இல் ஹைதராபாத்துக்கு வந்த சுவிசேஷகர் பக்த் சிங்கின் ஹெப்ரோன் சபை, தரையில் பாய் விரித்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வழிபட்ட மரபை இந்த ஊருக்குத் தந்தது. பெரும் அரங்கும் திரையும் ஒலிபெருக்கியுமாக ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கில் கூடும் சபைகளும் வந்துவிட்டன. அவற்றின் தலைமை பெரும்பாலும் ஒரே மனிதரைச் சுற்றியே நிற்கிறது. சபைச் சங்கம், திருமண்டலக் கவுன்சில், தேர்தல் என்று எரிச்சலூட்டும் ஒழுங்குகளெல்லாம் பழைய சபையில்தான். அந்த ஒழுங்கு எத்தனை வழக்குகளுக்குக் காரணமாக இருந்தாலும், ஒரு நல்ல காரியத்தையும் அதுதான் செய்தது. ஒரு காலத்தில் தோர்ணக்கல் திருமண்டலத்தைச் சேர்ந்திருந்த நந்தியால், 2013-இல் ஈ. புஷ்பலலிதா என்ற தெலுங்குப் பெண்ணைப் பேராயராகப் பெற்றது. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். அசரியா இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு யோசிக்கப் பிடிக்கும். முதலில் ஜெபப் புத்தகத்தைத் தேடியிருப்பார் என்று தோன்றுகிறது. பிறகு விருந்துக்குக் கூப்பிட்டிருப்பார்.

போலாரம் ஆலயத்துப் பெயர்ப்பலகை முன்னால் அடுத்த முறை நின்றால், தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தைக் கவனியுங்கள். சிலுவையைச் சுற்றித் தாமரை இதழ்கள். அந்தத் தாமரையைக் கோதிக் சுவருக்குள் தேடினால் கிடைக்காது. தோர்ணக்கல் தூண்களில் இருக்கிறது.